‘இல்லை’ என்று சொல்ல ஆகும் நேரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதித் தாருங்கள், கொஞ்சம் ஊக்கமாக இருக்கட்டும் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். எழுதித் தருகிறேன். ஊக்கத்துக்கு மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து என் மனதில் கிடந்து உருண்டுகொண்டிருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அது ஊக்கம் தருகிற விஷயம் இல்லை.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் அண்ணன் மகளுக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால், "அத்தை கம்ப்யூட்டருக்கு ஓட்டப்பந்தயம் வைப்பாவ" என்று சொல்லிவிடுவாள். பெரிய தப்பில்லை. லாஜிக் புரோகிராமிங் என்பதில் நாம் விதிகளையும் விவரங்களையும் எழுதி வைத்தால் போதும். கேள்வி கேட்டால் விடையை எஞ்சின் தானே தேடும். ஒரு வழி அடைத்துக்கொண்டால் திரும்பி வந்து அடுத்த வழியில் போகும். இப்படித் தேடுகிற எஞ்சின்கள் உலகத்தில் பல உண்டு. எந்த எஞ்சின் எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் என்று அளந்து சொல்வதுதான் பெஞ்ச்மார்க். அதுதான் என் பிழைப்பு.

தூத்துக்குடியில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டுகள்தான் நம் வாடிக்கையாளர்கள். ஒரு பெட்டியில் கோவில்பட்டித் தீப்பெட்டி இருக்கும், இன்னொன்றில் அமிலம் இருக்கும், வேறொன்றில் தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும் சரக்கு இருக்கும். எதன் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்பதற்கு நூற்றுக்கணக்கில் விதிகள். லாரி கேட்டில் வந்து நிற்கும். இந்தப் பெட்டிக்கு யார்டில் இடம் உண்டா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் எஞ்சினை ஒற்றை ஆளாக எழுதியவன் அமலன். புன்னைக்காயல்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன். எஞ்சினுக்குச் ‘சங்கு’ என்று பேர் வைத்தான். எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். எஞ்சினை எழுதியவன் அதற்குப் பரீட்சை வைக்கக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லி, அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது அமலன்தான். அவன் செய்வான், நான் உடைப்பேன். இருவரும் ரிட்டையராகும்வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தோம்.

ஆரம்ப நாளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டு எஞ்சின் ஒன்றோடு சங்கை மோதவிட்டோம். சங்கு ஜெயித்தது. மறுநாளும் ஜெயித்தது. அமலன் ஓடிப்போய் மக்ரூன் வாங்கிவந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தான். எல்லாரும் தின்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருக்கையில் அவன் மட்டும் யோசனையாக நின்றான்.

"ஏளா கனி, சங்கை எப்போ ஓட்டுன?"

"காலைல."

"மத்ததை?"

"சாப்பாட்டுக்குப் பொறவு."

சாப்பாட்டு நேரத்தில் ஏசியை அணைத்துவிடுவது அண்ணாச்சியின் வழக்கம். நம் ஊர் வெயிலில் அறை கொதிக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற விசிறியில் உப்புக்காற்றுத் தூசி அப்பிக் கிடக்கும். மிஷின் சூடேறிச் சுணங்கிய வேளையில் எதிராளியை ஓடவிட்டிருக்கிறோம். நேரத்தை மாற்றி ஓட்டினால் சங்கு தோற்றது. கண்டுபிடித்தவன் அவனே. "மக்ரூனைத் திருப்பியா கேக்க முடியும்?" என்று சிரித்தான். அன்று சாயங்காலமே உட்கார்ந்து சங்கைச் சீர் செய்ய ஆரம்பித்தான். நாங்கள் எல்லாரும் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. அவன் நினைக்கவில்லை.

அடுத்தது ஒரு விற்பனைக்காரர் கதை. வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தார். தங்கள் எஞ்சின் சங்கைவிடப் பல மடங்கு வேகம் என்று கேள்வி மேல் கேள்வியாகப் போட்டுக் காண்பித்தார். ஒவ்வொன்றுக்கும் ‘உண்டு, இந்த வரிசை, இந்த அடுக்கு’ என்று கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. அண்ணாச்சி முகம் விரிந்துவிட்டது. அமலன் எழுந்து போய் ஒரு கேள்வியைத் தட்டினான். அன்றைய நிலவரத்தில் யார்டில் எங்குமே வைக்க முடியாத ஒரு பெட்டி.

திரை அப்படியே நின்றது. நெட்வொர்க் கோளாறு என்றார் விற்பனைக்காரர். டீ வந்தது. டீ ஆறியது. திரை அசையவில்லை. விஷயம் இதுதான் பிள்ளைகளே: ‘உண்டு’ என்பதற்கு ஒரு இடம் கிடைத்தால் போதும், தேடல் அங்கேயே முடிந்துவிடும். ‘இல்லை’ என்று சொல்ல எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். எஞ்சினின் உண்மையான வேகம் அதில்தான் தெரியும். உண்டு என்கிற கேள்விகளை மட்டும் வைத்து அளந்து கொண்டுவரும் அட்டவணையை நம்பாதீர்கள்.

படியில் இறங்கும்போது, "அந்த ஆளைப் போட்டு ஏம்லே இந்தப் பாடு படுத்துன?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கப்பா கடலுக்குப் போன வள்ளம் திரும்பல, தெரியும்லா. ஊரே தேடுச்சு. பொறவு தேடுறத விட்டுட்டாவ, ஆனா ஒருத்தனும் அம்மாட்ட வந்து சொல்லல. மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்கியிருப்பான்னாவ. இலங்கைல புடிச்சு வச்சிருப்பான்னாவ. அம்மா சாகுற வரைக்கும் அப்பா ஆத்மாவுக்கு ஒரு பூசை வைக்க விடல, உசுரோட இருக்குற ஆளுக்கு எதுக்குப் பூசைன்னு. இல்லைன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலளா." ஒரு படி இறங்கி, "லாரிக்காரன் வெயில்ல நிக்கான். உண்டுன்னாலும் சொல்லணும், இல்லைன்னாலும் சொல்லணும்" என்றான்.

அதோடு கதை முடியவில்லை. விற்பனைக்காரர் கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார். இப்போது ‘இல்லை’ என்பதும் மின்னல் மாதிரி வந்தது. அமலன் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கடைசி வரிசையில் மட்டும் இடம் இருக்கும்படி ஒரு பெட்டியைக் கேட்டான். ‘இல்லை’ என்றது. இடம் இருந்தது, ஆனால் இல்லை என்றது.

நாம் எழுதுகிற லாஜிக் மொழியில் ‘கட்’ என்று ஒரு கட்டளை உண்டு. இதற்கு மேல் தேடாதே, மிச்ச வழிகளை விட்டுவிடு என்று எஞ்சினுக்குச் சொல்வது. தெரிந்து போட்டால் நல்லது. வேகத்துக்காகக் கண்டபடி போட்டால் இந்தக் கதிதான். "அண்ணாச்சி, இது தேடிட்டு இல்லைன்னு சொல்லல, தேடாமலே சொல்லுது" என்றான் அமலன். அதன் பிறகு எங்கள் பெஞ்ச்மார்க்கில் இரண்டு கேள்விகள் நிரந்தரமாயின. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம்? எல்லா வழியையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறதா? இன்று நீங்கள் ஓட்டுகிற பரீட்சைகளிலும் அவை இருக்கின்றன. யார் வைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வருவதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

யார்டுகள் பெரிதாயின. விதிகள் கூடின. சங்கு மூச்சுவாங்க ஆரம்பித்தது. அதே காலத்தில் அமலனுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். திருநெல்வேலி, மதுரை என்று அலைந்துவிட்டு, நீண்ட விடுப்பில் புன்னைக்காயல் வீட்டோடு இருந்தான். பெரிய யார்டு ஒன்று கெடு வைத்தது: சங்கையே வைத்துக்கொள்வதா, இலவசமாகக் கிடைக்கிற வெளிநாட்டு எஞ்சினுக்கு மாறுவதா, அளந்து எழுதித் தாருங்கள்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கனிம்மா, சங்கு ஜெயிக்கிற மாதிரி ஏதாவது புரோகிராம் இருக்கும்லா. அதைப் போட்டு எழுதி விடேன். அவன் இருக்குற வரைக்கும் ஓடட்டும். பொறவு பாத்துக்கிடலாம்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனிதர் கேட்கிற தப்பான காரியத்தை மறுப்பதுதான் கஷ்டம்.

அவர் கேட்டபடி ஒன்று இருக்கவும் செய்தது. ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் பழைய சோதனை. எஞ்சின் எழுதுகிற எல்லாரும் முதலில் அதில் ஓட்டிப் பார்த்துத்தான் பெருமையடித்துக்கொள்வார்கள். அதனாலேயே இளவயதில் அமலன் அந்த ஒன்றுக்காகச் சங்கைச் செதுக்கி வைத்திருந்தான். அதில் சங்கை இன்றைக்கும் அடிக்க முடியாது. யார்டு வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. கோடு போட்டுப் படம் வரைந்து கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வான். நான் அந்தப் படத்தை வரையக்கூடச் செய்தேன்.

அனுப்புவதற்கு முன் யார்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். லாரிகள் உப்பளத்தை ஒட்டி வரிசையாக நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருந்தார்கள். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க சங்கு பதில் சொல்லுறதுக்குள்ள விடிஞ்சிரும் மேடம். நாங்களே ஒரு இடத்துல வச்சிருதோம்."

"எங்கன வைக்கிய?"

"காலியா எங்கன இருக்கோ அங்கன."

அவர் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். தீப்பெட்டி அடுக்குக்கு அடுத்தாற்போல், ஒருபோதும் அங்கே இருக்கக் கூடாத பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் நிழலில் ஒரு கிளீனர் பையன் தலைக்குத் துண்டை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெட்டியை நகர்த்தச் சொல்லிவிட்டு, நகர்த்தும்வரை அங்கேயே நின்றேன். ஆபீஸுக்கு வந்ததும் படத்தை அழித்தேன்.

யார்டின் சொந்தக் கேள்விகளை வைத்து இரண்டு எஞ்சின்களையும் அளந்தேன். காலையிலும் ஓட்டினேன், மத்தியானமும் ஓட்டினேன், ஏசியை ஒரே அளவில் வைத்து ஓட்டினேன். சங்குக்கு ஏதாவது ஒரு மூலையிலாவது சாதகமாக வந்துவிடாதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி படித்துவிட்டு, "அவன்ட்ட யாரு சொல்லுதது?" என்று மட்டும் கேட்டார்.

நான்தான் போனேன். அமலனின் மனைவி ரெஜினா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சங்கைப் பத்திக் கேப்பாவ. நல்லா ஓடுதுன்னே சொல்லிருங்க. அது ஒண்ணுதான் அவியளுக்குத் தெம்பு." நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தான். குரல் மட்டும் பழைய குரல்.

"அளந்துட்டியாளா?"

"அளந்துட்டேன்."

"ஏசி ஓடுச்சா?"

"ஓடுச்சுலே."

"லிஸ்டைத் திருப்புறதுல?"

"அதுல நீதான் ஜெயிச்ச."

"அதை வச்சு என்னத்தச் செய்ய" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "யார்டு கேள்விய வச்சு?"

"தோத்துட்டலே."

"இல்லைன்னு சொல்லுறதுக்கு?"

வாசலில் ரெஜினா நின்றுகொண்டிருந்த இடம் எனக்குத் தெரிந்தது. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அதுலதான் ரொம்பத் தோத்துட்ட அமலா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. ரெஜினா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு வாழ்நாள் வேலையை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். ரெஜினா உள்ளே போனதும் அவன் திரும்பினான்.

"நீயும் பொய் சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்ளா."

பிறகு மெதுவாகச் சொன்னான். மதுரையில் டாக்டர்கள் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லவில்லையாம், பார்ப்போம் என்றார்களாம். பங்குச் சாமியார் ஜெபிப்போம் என்றாராம். மச்சான் மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரி சொல்லியிருக்கிறான், ரெஜினா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். "ஒருத்தனும் இல்லைன்னு சொல்ல மாட்டேங்கான். எனக்கு இங்கனயே கிடக்கணும் கனி. நான் சொன்னா அவ அழுது என்னைச் சம்மதிக்க வச்சிருவா. நீ சொல்லு."

"எல்லா வழியும் பாத்தாச்சாலே?" என்று கேட்டேன். தொழில் பழக்கம், வாயில் அப்படித்தான் வந்தது.

"மெட்ராஸ் ஒண்ணு பாக்கி. அங்கயும் ஒண்ணும் இருக்காது."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்ளா. போதும்."

விற்பனைக்காரரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன் அவன். அதே கேள்வியை நான் அவனிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் கேட்க முடியவில்லை.

குசினியில் ரெஜினா சாப்பாட்டுத் தூக்குகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "வேண்டாம் ரெஜினா. இனி ஒண்ணும் இல்லை. அவனை இங்கனயே வச்சுக்கோ. அவனும் அதத்தான் கேக்கான்." அவள் கையில் இருந்த தூக்கைக் கீழே வைத்தாள். அழவில்லை. பையில் வைத்ததையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, "நீங்க படிச்சவிய, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்தார்கள்.

மழைக்காலம் முடியுமுன் அமலன் போய்விட்டான். கடைசி நாட்களில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, ஆற்றுமுகத்தில் வள்ளங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தானாம். ஊர்க் கோயிலில் பூசை வைத்து அங்கேயே அடக்கம் செய்தார்கள். யார்டில் புது எஞ்சின் வந்தது. சங்கை நிறுத்துகிற வேலையையும் நானே கேட்டு வாங்கிச் செய்தேன். லாரிகள் சுணக்கமில்லாமல் போய்வந்தன. கோளாறு இல்லாமல் நடக்கிற காரியத்தை யார் கவனிக்கிறார்கள்? ஒருவரும் சங்கைப் பற்றிக் கேட்கவில்லை.

அறிக்கையைப் பற்றி எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை பிள்ளைகளே. உங்களிடமும் ஒருநாள் யாராவது, அண்ணாச்சி மாதிரி நல்லவராகவே இருப்பார், கொஞ்சம் பார்த்து அளக்கச் சொல்வார். அப்படி அளக்காதீர்கள். கேட்டில் நிற்கிற லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அது வரைக்கும் உங்களுக்கு நான் தைரியமாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அமலனின் வருஷப் பூசைக்குப் புன்னைக்காயல் போயிருந்தேன். பூசை முடிந்து எல்லாரும் கல்லறைக்குப் போய்த் திரும்பியபின், பஸ்ஸுக்காக நின்ற என்னிடம் ரெஜினா வந்தாள். கறுப்புச் சேலையில் இன்னும் மெலிந்திருந்தாள். கோபமாக வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீங்க சொன்னதைத் தப்புன்னு சொல்ல வரல. அவியளும் வீட்டுலதான் கிடக்கணும்னாவ, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா மெட்ராஸ் ஒண்ணு பாக்கி இருந்துச்சுல்லா? அங்கயும் போயி, அவனும் இல்லைன்னு கைய விரிச்சிருந்தாம்னா, எனக்கு ஆறிப்போயிருக்கும். இப்போ தெனமும் படுத்தா அந்த ஆஸ்பத்திரி வாசல்லதான் போயி நிக்கேன்."

அவளுக்கு நம் தொழிலில் ஒரு எழுத்து தெரியாது. எஞ்சினும் தெரியாது, ‘கட்’ என்பதும் தெரியாது. நான் வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களின் எஞ்சின்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியை அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அவன் முகம், அவன் வலி, அவன் விருப்பம் என்று சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. அவை எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஆமா ரெஜினா" என்றேன். "ஒண்ணு பாக்கி இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வரும்வரை என் பக்கத்திலேயே நின்றாள்.